எடைக்கு விக்கிறவனும் வேலைக்கு விக்கிறவனும்

எங்க ஊருக்கு எந்த அதிகாரி வந்தாலும், எந்தப் பயிற்சி முகாம் நடந்தாலும், கடைசியில் வந்து நிற்கிற வார்த்தை ஒண்ணுதான்: மதிப்புக்கூட்டல். மரவள்ளியை அப்படியே விக்காதீங்க, சிப்ஸ் போடுங்க. தக்காளியை ரோட்டுல கொட்டாதீங்க, தொக்கு பண்ணுங்க. நிலக்கடலையை உரிச்சு மிட்டாய் ஆக்குங்க. ஒரு டீ, ரெண்டு பிஸ்கட், ஒரு பை, ஒரு பேனா கொடுத்து அனுப்பிடுவாங்க. பத்து வருஷமா இதைக் கேட்டுட்டு வர்றேன். சொல்றது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பாதியைத்தான் சொல்றாங்க. மீதிப் பாதியை எனக்குப் புரிய வெச்சது மெக்சிகோவுல மலைச் சரிவுல இருக்கிற ஒரு ஊரு. ஊர் பேரு தாஸ்கோ. எழுத்துல பார்த்தா டாக்ஸ்கோன்னு படிக்கத் தோணும். அந்த ஊர்க்காரங்க வாயில அது தாஸ்கோதான்.

பையன் ரெண்டு வருஷமா மெக்சிகோ சிட்டியில வேலையில இருக்கான். போன ஐப்பசியில நானும் வீட்டுக்காரம்மாவும் அவனைப் பார்க்கப் போயிருந்தோம். அவனுக்கு லீவு கிடைக்கல. "நீங்க ரெண்டு பேரும் ஒரு கார் எடுத்துட்டு ஒரு நாள் ராத்திரி தங்கிட்டு வாங்கப்பா, வெள்ளி வேலை செய்யற ஊரு, அம்மாவுக்குப் பிடிக்கும்"னு அனுப்பி வெச்சான். டிரைவருக்கு ஸ்பானிஷ் தவிர வேற தெரியாது. எங்களுக்குத் தமிழ் தவிர வேற வராது. நடுவுல ஒரு போன். அது மொழிபெயர்த்துச் சொன்னதுல பாதி சிரிப்பாத்தான் இருந்துச்சு, ஆனா காரியம் நடந்துச்சு.

அம்மாவுக்குப் பிடிக்கும்னு பையன் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. வீட்டுக்காரம்மா பிறந்தது சேலத்துக்குப் பக்கம் சிவதாபுரத்துல. அவங்க சித்தப்பா வீட்டுல கொலுசுப் பட்டறை. சின்ன வயசுல பள்ளிக்கூடம் விட்டு வந்தா கம்பி வளைக்கிறதும் சலங்கை கோக்கறதும்தான் விளையாட்டு. என்னைவிட அவங்களுக்குத்தான் அந்த ஊர்ல பார்க்க விஷயம் அதிகம்னு எனக்குக் கிளம்பும்போதே தெரியும்.

மெக்சிகோ சிட்டியில இருந்து தெற்கே சுமார் 170 கிலோமீட்டர். சிட்டியை விட்டுக் கிளம்பின உடனே ரோடு ஏறிக்கிட்டே போகுது. திரெஸ் மரியாஸ்னு ஒரு இடம், கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரம். ஏற்காட்டைப் போல ரெண்டு மடங்கு. சுத்தியும் பைன் மரம், எலும்பு வரைக்கும் குளிர். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, கல்லுல சுட்ட மக்காச்சோள ரொட்டி வாங்கிக் கொடுத்தார். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவெச்சு, ஊறவெச்சு, தோல் நீக்கி அரைச்சு மாவாக்கறாங்க. நாமக்கல் பக்கம் நாம கோழித் தீவனத்துக்கு அனுப்பறோமே, அதே மக்காச்சோளம். அங்கே அதுதான் மூணு வேளைச் சோறு, சாமிக்குப் படைக்கிறதும் அதுதான். உள்ளே வெச்சிருந்த காயை வீட்டுக்காரம்மா பிரிச்சுப் பார்த்துட்டு, "ஏனுங்க, இது நம்ம வேலி ஓரத்துச் சப்பாத்திக்கள்ளிங்க"ன்னாங்க. முள்ளைச் சீவிட்டுக் காயா சமைக்கிறாங்க. கொழகொழன்னு வெண்டைக்காய் மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு.

அங்கிருந்து இறங்கினா குவெர்நவாகா. குளிர் போயி நம்ம ஊர் மார்கழி வெயில். வழியில ஒரு வயல் முழுக்கச் செண்டுமல்லி. ஐப்பசி நடுவுல அங்கே செத்தவங்களுக்குப் படையல் போடற நாள் வருது, அதுக்கு இந்தப் பூதான். செண்டுமல்லிக்குப் பிறந்த வீடே மெக்சிகோதான்னு அன்னைக்கு எத்தனை பேருக்குச் சொன்னாலும் எங்க ஊர்ல நம்ப மாட்டாங்க. மிளகாய், தக்காளி, மக்காச்சோளம் எல்லாமே அந்தப் பக்கத்துச் சரக்கு. மரவள்ளியும் அந்தக் கண்டத்துல இருந்து வந்ததுதான், ஆனா அது இன்னும் தெற்கே, பிரேசில் பக்கம். நாம பரம்பரைப் பயிர்னு நினைச்சிட்டிருக்கிறதுல பாதி கப்பல் ஏறி வந்தது.

குவெர்நவாகா இருக்கிறது மோரெலோஸ் மாநிலத்துல. கரும்பு விளையற சீமை. பெரிய பண்ணைக்காரங்க கரும்புக்காக ஊர் நிலத்தையும் தண்ணியையும் வளைச்சுப் போட்டதை எதிர்த்துக் கிளம்பின எமிலியானோ சபாட்டா பிறந்ததும் இந்த மாநிலம்தான். அந்த ஊர்ல இருக்கிற பழைய கோட்டை மாதிரியான அரண்மனையில டியேகோ ரிவேரா வரைஞ்ச சுவரோவியம் இருக்கு. கரும்புத் தோட்டத்துல மாட்டுக்குப் பதிலா மனுசனை வேலை வாங்கறதும், வெள்ளைக் குதிரையைப் பிடிச்சுக்கிட்டு சபாட்டா நிக்கிறதும் அதுல இருக்கு. இதை ஏன் சொல்றேன்னா, தாஸ்கோ கதை இந்தச் சுவர்ல இருந்துதான் ஆரம்பிக்குது.

அந்தச் சுவரோவியத்துக்குப் பணம் கொடுத்தவர் அமெரிக்கத் தூதர் டுவைட் மாரோ. ரிவேராகிட்ட பேசி வேலையை முடிச்சுக் கொடுத்தவர் வில்லியம் ஸ்ப்ராட்லிங். நியூ ஆர்லியன்ஸ்ல கட்டடக்கலை வாத்தியாரா இருந்தவர். அந்தத் தரகுக்குக் கிடைச்ச காசுல தாஸ்கோவுல ஒரு வீடு வாங்கி 1929ல் குடியேறினார். 1931ல் ஒரு பட்டறை ஆரம்பிச்சார். இன்னைக்குத் தாஸ்கோன்னா வெள்ளி, வெள்ளின்னா தாஸ்கோன்னு ஆனது அதுக்கப்புறம்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். வெள்ளி அந்த மலையில புதுசா வந்தது இல்ல. ஸ்பெயின்காரங்க முதல்ல வந்தது தகரம் தேடி. அப்புறம் வெள்ளி கிடைச்சுது. 1530கள்ல இருந்து தோண்ட ஆரம்பிச்சாங்க. ஸ்ப்ராட்லிங் வந்த காலம் வரைக்கும் கணக்குப் போட்டா 400 வருஷம். அந்த 400 வருஷமும் வெள்ளி கட்டியாத்தான் மலையை விட்டு இறங்கிப் போயிருக்கு. நடுவுல ஹோசே தெ லா போர்டான்னு ஒரு சுரங்க முதலாளி. கடவுள் எனக்குக் கொடுத்தார், நான் கடவுளுக்குக் கொடுக்கறேன்கிற கணக்குல, 1751ல் இருந்து 1758க்குள்ள சொந்தச் செலவுல ஒரு தேவாலயம் கட்டினார். சாந்தா பிரிஸ்கா. இளஞ்சிவப்புக் கல்லு, ரெட்டைக் கோபுரம், மேலே ஓடு பதிச்ச கும்மட்டம். உள்ளே போனா பலிபீடம் ஒவ்வொண்ணும் தரையில இருந்து கூரை வரைக்கும் தங்கத் தகடு. வீட்டுக்காரம்மா பத்து நிமிஷம் வாயைத் திறக்கல. நானும்தான். போர்டா மகன் பாதிரியாரா இருந்ததால அவருக்காகக் கட்டின கோயில்னு சொல்றாங்க. பின்னாடி கை காலியாகி வடக்கே சகாதேகாஸ் பக்கம் போயி மறுபடி சுரங்கத்துல சம்பாதிச்சார்.

400 வருஷம் தோண்டினதுல ஊர்ல தங்கினது ஒரு கோயில். அது அழகா இருக்கு, மறுக்கல. ஆனா தோண்டினவன் வீட்டுல என்ன தங்குச்சு? எங்க ஊர்ல இருந்து வருஷா வருஷம் லாரி லாரியா மரவள்ளிக் கிழங்கு போகுது. எங்க ஊர்லயும் கோயில் கோபுரம் போன கும்பாபிஷேகத்துக்குப் பளபளன்னு ஆயிடுச்சு.

ஸ்ப்ராட்லிங் செஞ்சது இதைத் திருப்பினதுதான். பக்கத்து ஊர் இகுவாலாவுல இருந்து ஒரு பொற்கொல்லரைக் கூட்டிட்டு வந்து, உள்ளூர்ப் பையன்களைத் தொழிலுக்குச் சேர்த்தார். ஐரோப்பாக்காரன் நகையைப் பார்த்துக் காப்பி அடிக்காம, அந்த மண்ணுல பழங்காலத்துல இருந்த சிற்பம், முத்திரை, பாம்பு, பறவை உருவங்களை எடுத்து டிசைன் பண்ணினார். வெள்ளியோட அந்த நாட்டுக் கல்லு, மரம் எல்லாம் சேர்த்தார். 'வெள்ளி இவ்வளவு கிராம்'னு இல்லாம, 'இது தாஸ்கோ வேலை'ன்னு வெளியூர்க்காரன் தேடி வாங்கற மாதிரி ஆச்சு.

வெள்ளைக்காரன் வந்து ஊரைக் காப்பாத்தினான்னு ஒரு கதையா இதைச் சொல்றவங்க உண்டு. கடைக்குக் கடை அவர் பேரைச் சொல்றாங்க, சாந்தா பிரிஸ்காவுக்குப் பின்னாடி அவர் பேர்ல மியூசியமே இருக்கு. எனக்கு அந்தக் கதை முழுசா ஒட்டல. அவர் கம்பெனிக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. இரண்டாம் உலகப் போர் சமயத்துல ஐரோப்பாச் சரக்கு நின்னு போச்சு. அமெரிக்கப் பெரிய கடைகள் எல்லாம் தாஸ்கோவுக்கு ஆர்டர் கொடுத்தாங்க. பட்டறையில நூத்துக்கணக்கான பேர். இன்னும் பெருசாக்கணும்னு வெளிமுதலீட்டாளருக்குப் பங்கு கொடுத்தார். போர் முடிஞ்சுது, ஆர்டர் குறைஞ்சுது, கம்பெனி கையை விட்டே போச்சு. தாஸ்கோ அதோட முடிஞ்சிருக்கணும். முடியல. ஏன்னா அதுக்கு முன்னாடியே அவர்கிட்ட தொழில் படிச்ச பையன்கள் தனிப் பட்டறை போட்டுட்டாங்க. காஸ்தில்யோ சகோதரர்கள் 1939ல் ஆரம்பிச்சாங்க. வெள்ளி, செம்பு, பித்தளை மூணையும் ஒட்டுத் தெரியாம சேர்க்கிறது அவங்க கைவரிசை. எக்தோர் அகிலார், அந்தோனியோ பினேதா இப்படி ஒவ்வொருத்தரும் தனிக்கை, தனி டிசைன். குரு கவிழ்ந்தாலும் ஊர் கவிழாம இருந்தது சீடப் பிள்ளைங்களால.

நம்ம பக்கம் இது எப்படி நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். பையனுக்கு முழுசாக் கத்துக் கொடுத்தா நாளைக்கு எதிர்க்கடை போட்டுடுவான்னு கடைசி நுணுக்கத்தை மட்டும் மறைச்சு வெச்சுக்குவாங்க. சிற்பம், நெசவு, மேளம், வைத்தியம் எதுல வேணும்னாலும் பாருங்க. எதிர்க்கடை போட்டாத்தான் அது ஊர்த் தொழில். ஒரே கடைன்னா அது ஒருத்தன் பொழப்பு, அவ்வளவுதான்.

சரி, ஊருக்குள்ள போகலாம். மலைச் சரிவு முழுக்க வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு. புதுசாக் கட்டற வீடும் அப்படித்தான் இருக்கணும்னு சட்டம். தெரு எல்லாம் கருங்கல் பாவினது, நடுவுல வெள்ளைக் கல்லால கோடும் கோலமும். நம்ம தெருவுல காலையில கோலமாவுல போடறதை அங்கே கல்லுலயே போட்டுட்டாங்க. தெரு அகலம் ஒரு மாட்டுவண்டி அளவுதான். ஏத்தம்னா அப்படி ஒரு ஏத்தம். அதுல ஓடறது பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் கார். ஊர் டாக்சி எல்லாம் அதுதான், வெள்ளைக் கலர். அந்த வண்டியை மெக்சிகோவுல 2003ல் நிறுத்திட்டாங்க. இவங்க விடறதா இல்ல. எஞ்சின் பின்னாடி இருக்கறதால பின்சக்கரம் நல்லாப் பிடிச்சு ஏறுதுன்னு டிரைவர் கையாலேயே படம் போட்டுக் காட்டினார். எங்க மாமா வெச்சிருந்த பழைய டிராக்டர் ஞாபகம்தான் வந்துச்சு. ஊருக்குத் தேவைப்பட்டா பழசு சாகாது.

கோயிலுக்குப் பக்கத்துல படி இறங்கிப் போனா சந்தை. மிளகாயில மட்டும் எத்தனை ரகம்! ஒரு அம்மா காகிதப் பொட்டலத்துல உசுரோட பூச்சி வெச்சு வித்துட்டிருந்தாங்க. ஹூமிலேஸ்னு பேரு. மலைக்காட்டுல பிடிக்கிறது. நம்ம நாவாய்ப்பூச்சி இனம். அதை அப்படியே ரொட்டியில வெச்சுச் சாப்பிடுவாங்க, சட்னியிலயும் அரைப்பாங்க. அந்தப் பூச்சிக்கு வருஷத்துல ஒரு நாள் திருவிழாவே உண்டு, ஊரே மலைக்குப் போயிடுமாம். பக்கத்துல நின்ன ரெண்டு சுற்றுலாக்காரங்க மூஞ்சியைச் சுளிச்சாங்க. மழை பேஞ்ச ராத்திரி ஈசல் பிடிச்சு அரிசியோட வறுத்துத் தின்ன வாய் எங்களது, நாங்க எதுக்குச் சுளிக்கணும். நான் ஒண்ணு தின்னேன். பட்டை வாசம், அப்புறம் நாக்குல சுருக்குன்னு ஒரு காரம். வீட்டுக்காரம்மா வேண்டாம்னுட்டாங்க.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமைதான் வெள்ளிச் சந்தை. பஸ் ஸ்டாண்டு பக்கம் தெரு முழுக்கப் பந்தல், அதுக்குள்ள மேசை போட்டு வளையல், மோதிரம், தோடு, சங்கிலி எல்லாம் குவிச்சு வெச்சிருக்காங்க. தராசு இருக்கு. கிராமுக்கு இவ்வளவுன்னு விலை. கிலோக் கணக்குல வாங்கிட்டுப் போற வியாபாரிங்க வெளியூர்ல இருந்து வந்திருந்தாங்க. சில்லறைக்கு ஒரு விலை, மொத்தத்துக்கு ஒரு விலை. பேரம் அடிச்சுக் கீழே இறக்குறாங்க. செவ்வாய்ப்பேட்டைக்குள்ள போன மாதிரியே இருந்துச்சு எங்களுக்கு. வீட்டுக்காரம்மா ரெண்டு மூணு வளையலைப் புரட்டிப் பார்த்துட்டு, "எல்லாம் ஒரே அச்சுல வார்த்ததுங்க, கைவேலை இல்ல"ன்னு வெச்சுட்டாங்க.

முந்தின நாள் சாயங்காலம் பார்த்த பட்டறை வேற. ஒரு சந்துக்குள்ள சின்ன அறை, முன்னாடி கண்ணாடி அலமாரி, பின்னாடி பட்டறை. அறுபது வயசிருக்கும் அவருக்கு. உள்ளே கூட்டிட்டுப் போயி உட்கார வெச்சார். வீட்டுக்காரம்மாவுக்கும் அவருக்கும் போன் தேவைப்படல. பத்தவைக்கிற இடத்தைக் காட்டினார், இவங்க தலையை ஆட்டினாங்க. கம்பி இழுக்கிற தகட்டை இவங்க எடுத்துக் காட்டி, எங்க ஊர்லயும் இதேதான்னு சைகை செஞ்சாங்க. அவர் சிரிச்சுட்டார். ஊதுகுழல் பிடிக்கிற விதத்தை இவங்க வாயால செஞ்சு காட்டினதும் அவர் உள்ளே கூப்பிட்டு அவர் மனைவியையே வரவெச்சுட்டார். நான் ஒரு ஓரமா உட்கார்ந்து ரோஸ் கலர்ல அவங்க கொடுத்த தண்ணியைக் குடிச்சுட்டிருந்தேன். புளிச்சக்கீரை இனத்துச் செடியோட பூவிதழை ஊறவெச்சு சர்க்கரை போட்டது. நல்ல புளிப்பு.

வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு மோதிரம் பிடிச்சுப் போச்சு. திருப்பி உள்பக்கம் பார்த்தாங்க. 925ன்னு முத்திரை, ஆயிரத்துல 925 பங்கு வெள்ளி. பக்கத்துல இன்னொரு சின்ன முத்திரை, T எழுத்துல ஆரம்பிக்குது. முதல் எழுத்து தாஸ்கோவுக்கு, அடுத்த எழுத்து செஞ்சவர் பேருக்கு, அப்புறம் ஒரு நம்பர். எந்த ஊர், யாரு கை, ரெண்டும் மோதிரத்துக்குள்ளயே இருக்கு. எத்தனை கிராம்னு கேட்டாங்க. அவர் தராசுல வெச்சுக் காட்டினார். விலை கேட்டாங்க. வீட்டுக்காரம்மா மனசுலயே கணக்குப் போட்டு, "வெள்ளி விலையைப் போல மூணு பங்குங்க"ன்னு எங்கிட்ட சொன்னாங்க. போன்ல போட்டுக் கேட்டோம். அவர் சொன்னதைப் போன் மாத்திச் சொல்லுச்சு: எடை இவ்வளவு, அது கடைக்காரனுக்குப் போகுது, மீதி என் மூணு நாள். கோபம் இல்ல, விளக்கம் மாதிரிதான் சொன்னார்.

வெளியே வந்து நடக்கும்போது வீட்டுக்காரம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "எங்க சித்தப்பா இதைவிட நுணுக்கமா செய்வாருங்க. ஆனா அவருக்குக் கிலோவுக்குத்தான் கூலி. அவர் செஞ்ச கொலுசை யாரு காலுல போட்டாங்கன்னு அவருக்கும் தெரியாது, போட்டவங்களுக்கும் செஞ்சது யாருன்னு தெரியாது."

சேலத்துப் பட்டறைக் கணக்கு தெரியாதவங்களுக்குச் சுருக்கமாச் சொல்லிடறேன். வியாபாரி கட்டி வெள்ளி கொடுப்பார். அது ஒரு வீட்டுல கம்பியாகும், இன்னொரு வீட்டுல சலங்கையாகும், இன்னொரு இடத்துல பத்தவைப்பு, இன்னொரு இடத்துல பாலீஷ். எல்லாம் கூலி. வெள்ளி யாருடையது? வியாபாரியுடையது. டிசைன்? அதுவும் அவர் சொல்றதுதான். வெள்ளி விலை ஏறினா கொலுசு விலை ஏறும். கூலி ஏறாது. போதாக்குறைக்கு விலை ஏறினா வாங்கறவங்க குறைவாங்க, அப்ப கூலியே இருக்காது. சித்தப்பா பையன் இப்போ ஒரு குடோன்ல சூப்பர்வைசர். பட்டறை மேல பழைய சைக்கிள் கிடக்கு. வேலை தெரிஞ்ச கடைசிக் கை அந்த வீட்டுல சித்தப்பா கைதான், அவருக்கும் கண்ணு மங்கிடுச்சு.

எங்க மரவள்ளிக்கு வாங்க. கிழங்கு லோடு ஆலைக்குப் போனா சாம்பிள் எடுத்து மாவுச்சத்துப் பாயிண்ட் பார்ப்பாங்க. பாயிண்டுக்கு இவ்வளவுன்னு விலை. மெஷின் அவங்களுது, படிக்கிறவர் அவங்க ஆளு, விலை அவங்க வெச்சது. ஒரே காட்டுல ஒரே நாள்ல வெட்டின ரெண்டு லோடு, ஒரு ஆலையில ஒரு பாயிண்ட், இன்னொரு ஆலையில வேற பாயிண்ட் காட்டினதை நானே பார்த்திருக்கேன். கேட்டா, பிடிக்கலேன்னா வண்டியைத் திருப்பிட்டுப் போங்கன்னாங்க. வெட்டின கிழங்கைத் திருப்பி எங்கே கொண்டு போறது? ரெண்டு நாள் தாண்டினா கறுத்துடும். அது அவங்களுக்கும் தெரியும். ஆலைக்காரங்க 1981லயே சேகோசர்வ்னு சங்கம் வெச்சு, ஜவ்வரிசியை ஒரே இடத்துல டெண்டர்ல விக்கிறாங்க. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்துச்சு. ஊருக்குப் பேரு வந்துடுச்சு. கிழங்குக்காரன் மட்டும் இன்னும் பாயிண்டுலதான் நிக்கிறான்.

மதிப்புக்கூட்டல்னு முகாம்ல சொல்லாம விடற பாதி இதுதான்னு நினைக்கிறேன். பொருளை மாத்தறது பெரிய விஷயமே இல்ல. கொலுசுங்கறது வெள்ளிக்கு மதிப்புக் கூட்டினதுதானே? கூட்டினது யாரு? சித்தப்பா. கிடைச்சது யாருக்கு? மாவா ஆக்கு, சிப்ஸா ஆக்குன்னு சொல்றவங்க, அதை யாரு பேர்ல விக்கிறது, விலையை யாரு வெக்கிறது, முத்திரை யாருதுன்னு ஒரு வார்த்தை சொல்றதில்ல. நம்ம சிப்ஸையும் எவனோ ஒருத்தன் கிலோவுக்கு வாங்கி அவன் பேர்ல பாக்கெட் போட்டா, நாம கிழங்கு வித்த அதே இடத்துலதான் நிப்போம். அடுப்புச் சூடும் எண்ணெய்க் கடனும்தான் அதிகம்.

தாஸ்கோவை நான் சொர்க்கம்னு சொல்ல வரல. அந்த மலையிலயே இருந்த பெரிய சுரங்கத்துல 2007 ஜூலையில வேலைநிறுத்தம் ஆரம்பிச்சுது, பத்து வருஷம் தாண்டியும் அது தீரல. ஊர்ப் பட்டறையில இப்ப அடிக்கிற வெள்ளி பெரும்பாலும் வெளியூர் வெள்ளி. உலகத்துலயே வெள்ளி அதிகம் எடுக்கிற நாட்டுல, வெள்ளி ஊர்னு பேர் எடுத்த ஊரே வெள்ளியை வெளியே வாங்குது. அந்த மாநிலத்துல இருந்து வேலை தேடி அமெரிக்கா போறவங்க ஏராளம். குவெரேரோ மாநிலத்துல அடிதடிக் கும்பல் தொல்லையும் இருக்கு, 2024 ஜனவரியில தாஸ்கோவுலயே பயத்துல வண்டிக்காரங்க ஓட்டறதை நிறுத்திட்டாங்க. பையன் எங்களை இருட்டினப்புறம் ரோட்டுல போகக்கூடாதுன்னு ஆயிரம் தடவை சொல்லித்தான் அனுப்பினான். சனிக்கிழமைச் சந்தையைப் பார்த்தப்போ, அங்கேயும் எடைக்கு விக்கிற பக்கம்தான் கூட்டம் அதிகம்னு தெரிஞ்சுது. சந்துக்குள்ள இருக்கிற அந்தப் பெரியவர் மாதிரி ஆளுங்க எத்தனை நாளைக்குத் தாக்குப் பிடிப்பாங்களோ. அவர் பையன் தொழிலுக்கு வந்தானான்னு கேட்கணும்னு நினைச்சேன். அந்தக் கேள்வியைப் போன்ல போட்டுக் கேட்க மனசு வரல.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கு. அந்த ஊர்ல ரெண்டு வழியும் இருக்கு. எடைக்கு விக்கிறவன் இருக்கான், வேலைக்கு விக்கிறவனும் இருக்கான். ஒரு பையன் தொழில் கத்துக்கிட்டா எந்தப் பக்கம் போறதுன்னு யோசிக்க அவனுக்கு இடம் இருக்கு. சேலத்துப் பட்டறைக்காரனுக்கும் எனக்கும் அந்த ரெண்டாவது வழி இருந்ததே இல்ல. நெல்லு, கிழங்கு, கடலை, பால் எதுவா இருந்தாலும் எடை, பாயிண்ட், கொழுப்பு, ஈரப்பதம். விளைவிச்சவன் பேரு எந்தச் சீட்டுலயும் கிடையாது. லாரி நம்பர் இருக்கும்.

பேரம் பத்தியும் ஒண்ணு சொல்லணும். அங்கே போயிட்டு வந்த நம்ம ஆளுங்க யூடியூப்ல, "சொல்ற விலையில பாதிக்குக் கேளுங்க"ன்னு அறிவுரை சொல்றாங்க. எடைக்கு விக்கிற சந்தையில கேளுங்க, அது வியாபாரம், அவங்களும் அதுக்குத் தயாராத்தான் உட்கார்ந்திருக்காங்க. மூணு நாள் உட்கார்ந்து செஞ்ச ஒருத்தர்கிட்ட நேரா நின்னு பாதிக்குக் கேட்கிறது வேற. உழவர் சந்தையில கீரைக்கட்டுக்கு அஞ்சு ரூபா குறைக்கச் சொல்லிட்டு, மால்ல பில்லுல இருக்கிறதை வாயை மூடிட்டுக் கட்டற ஜனத்தைப் பார்த்துப் பார்த்து எரிஞ்சு போனவன் நான். வீட்டுக்காரம்மா அந்த மோதிரத்தைச் சொன்ன விலைக்கே வாங்கினாங்க. சித்தப்பாவுக்குக் காட்டணும்னு வாங்கினது, விரலுக்குக் கொஞ்சம் பெருசு.

ஊருக்கு வந்து சிவதாபுரம் போனோம். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஜன்னல் வெளிச்சத்துல ரொம்ப நேரம் பார்த்தார். பத்தவைப்பு சுத்தம்னார். உள்பக்க முத்திரையைத் தடவிப் பார்த்துட்டு, இந்த நம்பர் என்னன்னு கேட்டார். செஞ்சவருடைய அடையாளம்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க. "எனக்குன்னா எந்த எழுத்து போடுவாங்க?"ன்னார். சேலத்துக்கு ஒண்ணு, உங்க பேருக்கு ஒண்ணு சித்தப்பான்னு சொல்லி, ஒரு பழைய காலண்டர் தாள்ல எழுதிக் காட்டினாங்க. அதை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.

தை மாசம் எங்க காட்டுல கிழங்கு வெட்டு. நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு லோடையாவது ஆலைக்கு அனுப்பாம, தோல் சீவி, காயவெச்சு, எங்க ஊர்ப் பேரைப் போட்டுச் சேலத்துல ரெண்டு மூணு கடையில வெச்சுப் பார்க்கலாம்னு பேசிட்டிருக்கோம். காயவைக்கிற களம் இருக்கு. பாக்கெட்டுக்கு ஆளு பார்த்தாச்சு. விலையை எப்படி வெக்கிறதுங்கறதுலதான் நாலு பேருக்கும் நாலு கணக்கு. ஒருத்தர் இன்னும் கிழங்குப் பாயிண்டுல இருந்துதான் கணக்கை ஆரம்பிக்கிறார். ஞாயித்துக்கிழமை மறுபடி உட்காரப் போறோம்.